கோலாலம்பூரில் விமானம் மாறுகிறீர்களா? வெளியே வருவதற்கான விதிகள்

திருச்சியிலிருந்து மெல்பர்னில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிற வழியில் அத்தை கோலாலம்பூரில் இறங்கினார். அடுத்த விமானத்துக்கு ஒன்பது மணி நேரம் இருந்தது. நகரில் இந்தியர் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு, முடிந்தால் பத்துமலை முருகன் கோயில் என்று திட்டம் போட்டு, நான் வருகைக் கூடத்தில் காத்திருந்தேன். அவர் வெளியே வர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. நிரப்பி வர வேண்டிய வருகை அட்டையை அவர் நிரப்பவில்லை. குடிநுழைவு (இமிக்ரேஷன்) முகப்புக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்று, ஒரு கல்லூரி மாணவனின் உதவியோடு கைப்பேசியில் நிரப்பியிருக்கிறார். படிக்கும் கண்ணாடி பெரிய பெட்டிக்குள் இருந்ததாம்.

‘விசா வேண்டாம் என்றுதானே சொன்னார்கள்?’ என்று கேட்டார். அதுவும் உண்மைதான். இந்தியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) வைத்திருப்பவர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் விசா விலக்கு அளிக்கிறது. முதலில் 2024 இறுதிவரை என்றிருந்த சலுகை, பிறகு 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. ஒரு முறை வந்தால் 30 நாள் வரை தங்கலாம். வேலை செய்ய அனுமதி இல்லை. கடப்பிதழ் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இலங்கைக் கடப்பிதழுக்கு இந்த விலக்கு கிடையாது. யாழ்ப்பாணத்து உறவினர்கள் வெளியே வர வேண்டுமானால் முன்கூட்டியே விசா எடுத்துவிட வேண்டும்.

விசா விலக்கு வேறு, வருகை அட்டை வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணித்தான் பலர் முகப்பில் மாட்டிக்கொள்கிறார்கள். எம்.டி.ஏ.சி. எனப்படும் மலேசிய இலக்கவியல் வருகை அட்டை 2024 ஜனவரி 1 முதல் வெளிநாட்டவர்க்குக் கட்டாயம். சிங்கப்பூர்க் குடிமக்கள், மலேசிய நிரந்தரவாசிகள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. குடிநுழைவுச் சோதனையைத் தாண்டாமல் உள்ளேயே இருந்து அடுத்த விமானம் ஏறுகிறவர்களுக்கும் அது தேவையில்லை.

நீங்கள் தாண்டுகிறவரா, இல்லையா என்பதை உங்கள் ஆசை மட்டும் தீர்மானிப்பதில்லை, டிக்கெட்டும் தீர்மானிக்கிறது. இரண்டு பயணமும் ஒரே பதிவில் இருந்து, பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போகிறது என்றால் உள்ளேயே இருந்துவிடலாம். மலிவாகக் கிடைக்கிறதென்று தனித்தனியாக இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தால், பொதுவாக வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். முதலாம் முனையத்தில் இறங்கி இரண்டாம் முனையத்தில் ஏறுகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். ஊர் சுற்றும் எண்ணமே இல்லாவிட்டாலும் இவர்கள் சட்டப்படி மலேசியாவுக்குள் நுழைகிறார்கள். ஆகவே அட்டை வேண்டும். திருச்சியில் பெட்டி போடும்போதே, ‘இது எதுவரை போகிறது?’ என்று கேட்டு, ஒட்டுகிற சீட்டில் கடைசி ஊர் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டையை வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றமளித்துப் பணம் கேட்கும் தளங்களும் வந்து நிற்கின்றன. என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் அப்படிக் கட்டியிருக்கிறான். பணம் கேட்டாலே வெளியேறிவிடுங்கள்.

நம்மவர்கள் தடுமாறுவது இரண்டு இடங்களில். முதலாவது பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது. கடப்பிதழில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். கடப்பிதழில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் பெயரைப் போடுங்கள். டிக்கெட்டில் இருக்கிறதே என்று அப்பா பெயரைச் சேர்க்க வேண்டாம். இரண்டாவது தங்குமிடம். நாலு மணி நேரம் வந்து போகிறவருக்கு ஏது முகவரி? ஆனால் படிவம் விடாது. அத்தை என் வீட்டு முகவரியை எழுதினார். தேதியைக் கவனமாகப் போடுங்கள்: நள்ளிரவு தாண்டி இறங்குகிறீர்கள் என்றால் வருகை நாள் மறுநாள்தான். அனுப்பியதும் மின்னஞ்சலுக்கு உறுதிச் செய்தி வரும். அதைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் இரண்டு ஆள்காட்டி விரல்களின் ரேகையை எடுப்பார்கள். அடுத்த விமானத்தின் டிக்கெட்டைக் கேட்டால் காட்டத் தயாராக இருங்கள். விசா விலக்கு இருந்தாலும் உள்ளே விடுவது அதிகாரியின் முடிவு.

இனி நேரக் கணக்கு. விமான நிலைய விரைவு ரயிலில், நகரின் முக்கிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலுக்கு முதலாம் முனையத்திலிருந்து 28 நிமிடம், இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடம். ஒரு வழிக் கட்டணம் 55 ரிங்கிட். மூன்று பேர் சேர்ந்தால் வாடகைக் கார் மலிவாகவே முடியும். மாலையில் நெரிசல் இருக்குமே என்பதுதான் தயக்கம். நள்ளிரவுக்குப் பிறகு சில மணி நேரம் ரயில் ஓடாது. எட்டு மணி நேர இடைவெளியில் இறங்கி வெளிவர ஒன்றரை மணி, போக வர ஒன்றரை மணி, புறப்பாட்டுக்கு இரண்டரை மணி முன்னதாகத் திரும்புதல் என்று கழித்தால் கையில் நிற்பது இரண்டரை மணி நேரம். முதலாம் முனையத்தில் உங்கள் விமானம் துணைக் கட்டடத்திலிருந்து புறப்படுகிறது என்றால், உள்ளே இன்னொரு குட்டி ரயில் ஏற வேண்டும். அதற்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறைவானால் வெளியே வராதீர்கள் என்பேன்.

அந்த இரண்டரை மணி நேரத்துக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் போதும். கே.எல். சென்ட்ரலிலிருந்து நடந்தே போய்விடலாம். துன் சம்பந்தன் சாலையில் பூக்கடை, பலகாரக்கடை, வாழையிலை எல்லாம் உண்டு. எல்.ஆர்.டி. எனும் நகர ரயிலில் அடுத்த நிலையமான பசார் செனியில் இறங்கினால் 1873இல் நிறுவப்பட்ட மகா மாரியம்மன் கோயில் பக்கம்தான். பத்துமலைக்குப் பத்து மணி நேரமாவது வேண்டும். அங்கே போகும் கொமியூட்டர் என்ற புறநகர் ரயில் அடிக்கடி வராது. ஒன்றைத் தவறவிட்டால் 272 படியையும் கீழே நின்று எண்ண வேண்டியதுதான். அத்தைக்கு அன்று அந்த நேரம் இல்லாமல் போயிற்று. இலைச் சாப்பாடும் பாகற்காய் வறுவலும் மட்டும் கிடைத்தன.

வெளியே சுற்றாமல் அறை எடுத்துத் தூங்கலாம் என்றால், வெளிநாட்டவர்க்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி.

ஒவ்வொரு நுழைவுக்கும் புதிய அட்டை. போகும்போது நிரப்பியது திரும்பி வரும்போது உதவாது. மெல்பர்னிலிருந்து புறப்பட இரண்டு நாள் இருக்கையில் அத்தை தொலைபேசியில் கூப்பிட்டு, என் வீட்டு அஞ்சல் குறியீட்டைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கண்ணாடி இம்முறை கைப்பையில்தான் என்றார். பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறதாம். படி ஏறுவதற்கு முட்டிக்குத் தைலமும் வைத்திருக்கிறாராம்.