ஆல்டர்னேட் ஸ்டாண்டர்ட்: மாறுவது பாடமா, அளவுகோலா?

அமெரிக்காவின் சிறப்புக் கல்வி பற்றிப் படித்தால் 'ஆல்டர்னேட் அகாடமிக் அச்சீவ்மென்ட் ஸ்டாண்டர்ட்ஸ்' என்ற நீளமான தொடர் கண்ணில் படாமல் போகாது. கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ள மாணவர்களுக்கானது இது. 'மாற்றுக் கல்வித் தரம்' என்று தமிழில் எழுதினால், அந்தப் பிள்ளைகளுக்கு வேறு பாடம், அதுவும் மட்டமான பாடம் என்றுதான் தோன்றும். சட்டம் சொல்வது அதுவல்ல.

முதலில் ஸ்டாண்டர்ட். பழைய பிரெஞ்சில் இதன் மூலச்சொல் போர்க்களத்தில் நட்ட கொடியைக் குறித்தது. 1138இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதிய ஒரு சண்டைக்கே 'ஸ்டாண்டர்ட் போர்' என்று பெயர். அப்புறம் அரசு முத்திரையிட்ட எடைக்கல்லும் அளவுகோலும் அந்தப் பெயரைப் பெற்றன. 1862இல் பிரிட்டனில் கல்விக்குப் பொறுப்பாக இருந்த ராபர்ட் லோ கொண்டுவந்த விதிகள் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் ஆறு ஸ்டாண்டர்டுகளை வகுத்தன. அதில் பிள்ளைகள் தேறுவதைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம். நம்மூரில் 'டென்த் ஸ்டாண்டர்ட்' என்கிறோமே, அதுவும் அந்த வழியில் வந்ததுதான். இலங்கையிலோ வகுப்பின் பெயரே 'தரம்'. அங்கே 'மாற்றுத் தரம்' என்றால் வேறு வகுப்பு என்றே நினைப்பார்கள்.

அமெரிக்கச் சட்டம் இரண்டு ஸ்டாண்டர்டுகளைப் பிரித்துப் பேசுகிறது. என்ன கற்க வேண்டும் என்பது ஒன்று. எந்த அளவுக்குக் கற்றால் தேர்ச்சி என்பது இன்னொன்று. 2003இல் வந்த விதி இந்த மாணவர்களுக்கு இரண்டாவதை மட்டும் மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தது. 2015இல் வந்த அமெரிக்கக் கல்விச் சட்டமும் அதையே உறுதிசெய்தது: மாற்று அளவு பொதுப் பாட இலக்குகளோடு பொருந்தியிருக்க வேண்டும். ஆகவே ஒரு மாநிலம் பொது இலக்குகளைத் திருத்தினால் இதையும் திருத்தியாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. மூன்றாம் வகுப்பின் பொது இலக்கு, படித்ததைப் பற்றிக் கேள்வி கேட்டு, பனுவலையே ஆதாரமாகக் காட்டிப் பதில் சொல்வது. இந்த மாணவர்களுக்காகப் பல மாநிலங்கள் பயன்படுத்தும் 'டைனமிக் லேர்னிங் மேப்ஸ்' என்ற மாற்றுத் தேர்வுத் திட்டத்தில் அதற்கு இணையானது, கதையில் 'யார்', 'என்ன' என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்வது. அதே வாசிப்புத் திறன்தான். ஆழமும் சிக்கலும் குறைவு.

அதனால் 'மாற்று' என்ற அடை 'கல்வி'யின் மேல் விழக் கூடாது என்பது என் கட்சி. முதல் வகைக்குப் 'பாட இலக்கு', இரண்டாவதற்கு 'அடைவு அளவுகோல்' என்று வைத்துக்கொண்டால், நம் தொடர் 'மாற்று அடைவு அளவுகோல்' ஆகும். 'அடைவு' நம் கல்வித்துறை ஏற்கெனவே புழங்கும் சொல். 'அளவுகோல்' ஸ்டாண்டர்டின் பழைய பொருளுக்கும் பக்கத்தில் நிற்கிறது. 'தரம்' என்றால் பின்னாலேயே 'தரக்குறைவு' வந்துவிடும். அந்தத் தொல்லையும் இல்லை.

'கடுமையான அறிவுசார் குறைபாடு' என்பதிலும் ஒரு விஷயம். இது மருத்துவர் எழுதித் தரும் நோயின் பெயரல்ல. நுண்ணறிவு எண்ணை மட்டும் வைத்து யாரையும் இதில் சேர்க்கக் கூடாது. அன்றாட வாழ்வைச் சமாளிக்கும் திறனையும் பார்க்க வேண்டும். 2015 சட்டப்படி, ஒரு மாநிலத்தில் ஒரு பாடத்தில் தேர்வு எழுதும் மொத்த மாணவர்களில் 1 சதவீதத்துக்கு மேல் இந்த மாற்று அளவுகோலை வைத்து நடக்கும் மாற்றுத் தேர்வுக்குப் போகக் கூடாது. கூடினால் விலக்கு கேட்க வேண்டும். காரணம் உண்டு. இந்த வழியில் போகும் பிள்ளைக்கு வழக்கமான உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் தள்ளிப்போகலாம், கிடைக்காமலும் போகலாம். அதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்றும் அதே சட்டம் கேட்கிறது.