பட்டா யார் பெயரில், விளைச்சல் யார் கையில்?

வளர்ச்சித் திட்டங்களை மதிப்பீடு செய்வது என் தொழில். வெளிநாட்டு நிதியில் ஒரு திட்டம் மூன்று நான்கு வருடம் ஓடி முடிந்ததும், சொன்னது நடந்ததா என்று நேரில் போய்ப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். கிளம்புவதற்கு முன்பே கட்டுக்கட்டாக அறிக்கைகள் வந்து சேரும். அவற்றில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: "பயனாளிகளில் பாதிக்கு மேல் பெண்கள்." ஆரம்பத்தில் அந்த வரியைப் படித்ததும் நிம்மதியாக இருக்கும். இப்போதெல்லாம் அதைப் பார்த்தவுடன் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுகிறேன். கூட்டத்துக்கு வந்தவர்களை எண்ணிவிடலாம். வந்து போனதில் அவர்கள் கையில் என்ன மிஞ்சியது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு.

களத்தில் நாங்கள் செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. பெரிய தாளில் 24 மணி நேரக் கடிகாரம் போல ஒரு வட்டம் வரைவோம். பெண்கள் தனியாக, ஆண்கள் தனியாக உட்கார்ந்து, நேற்று என்னென்ன செய்தோம் என்று அதில் குறிப்பார்கள். கோழி வளர்ப்புத் திட்டம் ஒன்றில் ஒருமுறை இதைச் செய்தோம். ஆண்களின் வட்டத்தில் "ஓய்வு", "பேச்சு" என்று இரண்டு அகலமான துண்டுகள் இருந்தன. பெண்களின் வட்டத்தில் விடியலுக்கு முன் தொடங்கி இரவு வரை நெருக்கி நெருக்கிக் கோடுகள். "இதில் கோழிக்கு எங்கே இடம்?" என்று கேட்டேன். வயதான அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே தூக்கம் என்று எழுதியிருந்த துண்டின் ஓரத்தில் விரலை வைத்து, கிள்ளுவது போலக் காட்டினார். திட்டத்தின் கணக்கில் அவர் "வருமானம் ஈட்டும் பயனாளி". அந்த வருமானம் தூக்கத்தைக் குறைத்து வந்தது என்று எழுதப் படிவத்தில் கட்டம் கிடையாது.

உலகம் முழுக்கப் பெண்களும் சிறுமிகளும் தண்ணீர் எடுத்து வருவதற்கு மட்டும் தினமும் 20 கோடி மணி நேரம் செலவிடுகிறார்கள் என்று 2016-ல் யுனிசெஃப் சொன்னது. இந்த நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுக்காமல், "அதிகாரம் அளிக்கிறோம்" என்று இன்னொரு பயிற்சி வகுப்புக்குக் கூப்பிடுவது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நேரம் ஒரு பக்கம். நிலத்தின் கதை இன்னும் சிக்கல். மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் சதுப்பு நிலத்தில் நெல் விளைவிப்பது காலங்காலமாகப் பெண்களின் வேலை. 1960களில் உதவ வந்த தைவான் நிபுணர்கள் விவசாயி என்றால் ஆண் என்றே எடுத்துக்கொண்டு, பாசன நெல்லுக்கான உதவிகளை ஆண்கள் பக்கமே திருப்பினார்கள். 1980களில் வந்த ஜஹாலி பச்சார் பாசனத் திட்டம் இந்தத் தவறைத் திருத்தப் பார்த்தது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் பணம் கொடுத்தது. வயல்களைப் பெண்கள் பெயரில் பதிய வேண்டும் என்பது நோக்கம். பெரும்பாலானவை அப்படியே பதிவாகவும் செய்தன. அறிக்கையில் படிப்பவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் அங்குள்ள மாண்டிங்கா மக்களிடம் வயலில் இரண்டு வகை உண்டு. 'மருவோ' என்றால் குடும்பத்துக்குப் பொதுவான வயல். எல்லோரும் உழைக்க வேண்டும், விளைச்சல் குடும்பத் தலைவரின் பொறுப்பில் போகும். 'கமன்யாங்கோ' என்றால் ஒருவருடைய தனி வயல். விற்ற பணம் அவருக்கே. பெண்கள் பெயரில் இருந்த புது வயல்கள் நடைமுறையில் மருவோ ஆகிவிட்டன. தண்ணீர் இருந்ததால் வருடத்துக்கு இரண்டு போகம். பெண்களுக்கு வேலை கூடியது, நெல் இன்னொருவர் கைக்குப் போனது. அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. சிலர் உழைப்புக்கு ஈடாக நெல்லில் பங்கு கேட்டு வாங்கினார்கள். சிலர் குழுவாகச் சேர்ந்து, அடுத்தவர் வயலுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். அந்தக் காசாவது தங்களுடையதாக இருக்குமே என்று.

கடனிலும் இதே கேள்விதான். வங்கதேசத்தில் பெண்களுக்குக் கொடுக்கப்பட்ட சிறுகடன்களை ஆராய்ந்து 1996-ல் ஆன் மேரி கோட்ஸும் ரினா சென் குப்தாவும் எழுதினார்கள்: கணிசமான கடன்களை வீட்டு ஆண்களே கட்டுப்படுத்துகிறார்கள், திருப்பிக் கட்டும் சுமை மட்டும் பெண் தலையில். இன்னொரு ஆய்வாளர் நைலா கபீர் இதை வேறு விதமாகப் பார்த்தார். பணத்தைக் கணவர் பயன்படுத்தினாலும், அதைக் கொண்டு வந்தவள் என்பதால் வீட்டில் அவள் பேச்சுக்கு மதிப்பு கூடுகிறது என்பது அவர் வாதம். நான் இரண்டு மாதிரி வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அதனால் பாஸ்புக்கைக் காட்டச் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். அந்தப் பெண் எழுந்து போய் உடனே எடுத்து வருகிறாரா, "அவர் வரட்டும்" என்கிறாரா என்று தெரிந்துவிடும்.

உருப்படியாக நடந்தவையும் உண்டு. பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்புக்கு வரும் மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் செய்த ஆய்வின்படி, உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகள் 32 சதவீதம் கூடினார்கள். ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பள்ளி தூரமாக இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். இதில் எனக்குப் பிடித்தது, யாரும் பெண்பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கவில்லை. போய் வரும் நேரம் குறைந்தது, கூட்டமாகச் சேர்ந்து ஓட்டிப் போனார்கள், அவ்வளவுதான். அதே போல, இந்தியாவில் 1993-ல் ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இட ஒதுக்கீடு வந்த பிறகு, மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் பெண்கள் தலைவர்களான ஊராட்சிகள் குடிதண்ணீருக்கு அதிகம் செலவழித்தன என்று ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் 2004-ல் காட்டினார்கள். "அவர் பொம்மை, கணவர்தான் எல்லாம்" என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துப் போடுவேன்.

சரி, பணம் எங்கே போகிறது? உதவி கொடுக்கும் பணக்கார நாடுகள் ஒவ்வொரு திட்டத்துக்கும் 0, 1, 2 என்று பாலின சமத்துவக் குறியீடு போடுகின்றன. சமத்துவமே முதன்மை நோக்கம் என்றால் 2, பல நோக்கங்களில் அதுவும் ஒன்று என்றால் 1, நோக்கமே இல்லை என்றால் 0. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு நேரடியாகக் கொடுக்கும் இருதரப்பு உதவியில் இந்த 2 வாங்கும் பங்கு சுமார் 4 சதவீதம்தான். 1 வாங்குவது எளிது. திட்ட முன்மொழிவில் பெண்களைப் பற்றி நல்லபடியாக ஒரு பத்தி இருந்தால் பெரும்பாலும் ஓடிவிடும். அந்த மாதிரிப் பத்திகளை நானே சிலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், பெருமையில்லை. நீங்கள் ஒரு அமைப்புக்கு நன்கொடை தருபவர் என்றால், எத்தனை பெண்கள் பயன்பெற்றார்கள் என்று கேட்காதீர்கள். அழகான எண் ஒன்று வரும். அவர்களுடைய நாளில் எத்தனை மணி நேரம் இதற்குப் போகிறது, வந்த பணத்தைச் செலவு செய்ய யாரைக் கேட்க வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் அதுவும் ஒரு தகவல்தான்.

அப்புறம், அந்தக் கோழித் திட்டம். முதலில் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் போடுங்கள், கோழியை அப்புறம் பார்க்கலாம் என்று பரிந்துரை எழுதினேன். குழாய் தங்கள் பட்ஜெட் தலைப்பில் வராது என்று பதில் வந்தது. அடுத்த கட்டத்தில் ஒவ்வொரு பெண்ணுக்கும் கூடுதலாக ஐந்து கோழி கொடுத்தார்கள்.