அயனி: 'போவது' என்று ஒரு பெயர்

மொரீசியசில் வீட்டில் பேசுவது கிரியோல், பள்ளியில் வேதியியல் ஆங்கிலம், பிரான்சிலிருந்து வரும் மருந்தின் மேல் பிரெஞ்சு. மூக்கடைப்புக்கு வாங்கிய உப்புநீர்ச் சொட்டு மருந்தைத் திருப்பிப் பார்த்த என் அக்காள் மகள், "மாமா, இதுல குளோரைடு முன்னாடி இருக்கே, சோடியம்தானே முதல்ல வரணும்?" என்றாள். 'க்ளோரூர் த சோடியம், 0.9%' என்றிருந்தது.

பிரெஞ்சில் அது 'குளோரைடு, சோடியத்தினுடையது'. தமிழில் உடையவர் பெயர் முன்னால் நிற்கும்: சோடியம் குளோரைடு. வேதி வாய்பாட்டிலும் (NaCl) நேர்மின்னூட்டம் கொண்ட நேரயனிதான் முதலில், எதிர்மின்னூட்டம் கொண்ட எதிரயனி பின்னால். ஆகவே நாம் பெயரைச் சொல்லும் வரிசையிலேயே எழுதிவிடலாம். பிரெஞ்சுப் பிள்ளைதான் திருப்பிப் போட வேண்டும்.

சரி, அயனி என்றால்? 1834இல் ஆங்கிலேய அறிவியலர் மைக்கேல் ஃபாரடே 'அயான்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கிரேக்கத்தில் அதற்கு 'போவது' என்று பொருள். கரைசலில் மின்சாரம் பாயும்போது, மின்னூட்டம் பெற்ற அணுவோ அணுக்கூட்டமோ மின்வாயை நோக்கிப் போகிறதே, அது. தமிழில் ஒலியை ஒட்டி அயனி ஆக்கினார்கள். இலங்கை நூல்களில் அயன். இதைத் துரத்திவிட்டுத் தனித்தமிழ்ச் சொல் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தைப் பிறப்பன்று நாம் சொல்லும் உத்தராயணத்தில் உள்ள 'அயனம்' வடமொழி. அதற்கும் 'போதல்' என்றே பொருள். கிரேக்கச் சொல்லும் அதுவும் ஒரே பழைய வேரில் பிறந்த பங்காளிகள். (குமரி மாவட்டத்தில் அயனி என்றால் ஒரு பலா மரம். அது வேறு கதை.)

'ஐடு' என்ற வாலும் பிரெஞ்சுக்காரர் கொடுத்ததுதான். 1787இல் வேதியியலர் லவாய்சியேயும் கூட்டாளிகளும் பாரிசில் வேதிப்பெயர்களைச் சீர்படுத்தினார்கள்; அப்போது எங்கள் தீவும் பிரான்சின் கையில், பெயர் ஈல் த பிரான்ஸ். ஆக்சிஜனின் தலையோடு, அமிலத்துக்கான பிரெஞ்சுச் சொல்லின் வாலை ஒட்டியது ஆக்சைடு. ஆங்கிலம் அந்த வாலைக் குளோரைடுக்கும் சல்பைடுக்கும் மாட்டியது. பிரெஞ்சோ அங்கே, க்ளோரூர் போல, 'ஊர்' என்று முடித்துக்கொண்டது.

எங்கள் தீவின் தமரின் உப்பளத்தில் கருங்கல் பாத்திகளில் கடல்நீரைக் காயவிடுவார்கள். உப்பு படிந்த பிறகு எந்த உப்பளத்திலும் மிஞ்சும் நீர் நாக்கில் பட்டால் கசக்கும். மக்னீசியம் உப்புகள் அதில் தங்கிவிடுகின்றன. மக்னீசியம் இரண்டு எலக்ட்ரானை இழந்து 2 நேர்மின்னூட்டத்தோடு நிற்கிறது. குளோரைடுக்கோ எதிர்மின்னூட்டம் 1தான். கணக்கு நேராக இரண்டு குளோரைடு வேண்டும்: மக்னீசியம் 1, குளோரின் 2.

"அப்போ மக்னீசியம் டைகுளோரைடா?" என்றாள், இரண்டைக் குறிக்கும் 'டை' சேர்த்து. இல்லை, மக்னீசியம் குளோரைடு மட்டும்தான். எத்தனை என்பதை மின்னூட்டமே சொல்லிவிடுவதால் பெயரில் எண் வேண்டாம். இரும்பு போன்றவற்றுக்கு அப்படி விட முடியாது: இரும்பின் மின்னூட்டம் 2 ஆகவும் இருக்கும், 3 ஆகவும் இருக்கும். அதனால் இரும்பு(3) குளோரைடு என்று சொல்லியாக வேண்டும்.

அப்புறம் அலுமினியம் ஆக்சைடை அவளையே எழுதச் சொன்னேன். அலுமினியத்துக்கு 3, ஆக்சைடுக்கு 2. விரல்விட்டு ஆறு வரை எண்ணினாள். அலுமினியம் 2, ஆக்சிஜன் 3.