நுழைவாயில் கூரைக்குக் கீழே ஸ்பிரிங்க்ளர் வேண்டுமா?

பெங்களூரில் தமிழர்கள் நிறைந்த அல்சூர், விவேக்நகர் போன்ற பகுதிகளில் நான்கு மாடிக் குடியிருப்பு பலவற்றின் தரைத்தளம் தூண்களுக்கு இடையே திறந்து கிடக்கும் வண்டி நிறுத்தமாக இருக்கிறது. மீட்டர் போர்டும், சார்ஜ் ஏறும் மின்ஸ்கூட்டரும், எல்லா வீடுகளுக்குமான ஒரே மாடிப்படியும் அங்கேதான். கூரை உண்டு, சுவர் இல்லை; இத்தகைய நுழைவாயிலுக்கு, தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானே தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் தேவையா என்பதற்குப் பாதி விடை அக்கருவி வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

ஸ்பிரிங்க்ளர் புகைக்குத் திறப்பதில்லை, சூட்டுக்கே திறக்கிறது. குழாய் வாயிலுள்ள மூடியை ஒரு சிறு கண்ணாடிக் குப்பி தாங்கிப் பிடித்திருக்கிறது; அதனுள்ளே திரவமும் ஒரு துளிக் காற்றும் அடைபட்டிருக்கும். சூடேற ஏறத் திரவம் விரிந்து அந்தக் காற்றை நசுக்குகிறது. மேலும் விரிய இடமில்லாத கணத்தில் கண்ணாடி உடைந்து, மூடி விழுந்து, தண்ணீர் பல் வெட்டிய தட்டில் மோதிக் குடைபோல் விரிகிறது. சிவப்புத் திரவம் 68 டிகிரி செல்சியஸிலும், மஞ்சள் 79-இலும், பச்சை 93-இலும் குப்பியை உடைக்கும். சூடான தலை (குப்பியும் தட்டும் கொண்ட தெளிப்பு முனை) மட்டுமே திறக்கும். சினிமாவில் வருவதுபோல் கட்டடம் முழுவதும் மழை கொட்டாது.

அறைக்குள் வெப்பக்காற்று கூரையடியில் தேங்குவதால் குப்பி விரைவில் உடைகிறது. பக்கங்கள் திறந்த இடத்திலோ அக்காற்று வெளியே வழிந்துவிடுவதால், தலை திறக்கத் தாமதமாகலாம். ஒன்றிரண்டு குடும்பங்கள் வாழும் வீடுகளுக்கான, அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.வின் 13டி தரநிலை, கூரையிட்ட, சூடேற்றப்படாத நுழைவாயிலுக்கு விலக்கு தருகிறது. ஆனால் அது அந்த வீட்டிலிருந்து வெளியேறும் ஒரே வழியாக இருக்கக்கூடாது. பனிக்காலத்தில் குழாய்நீர் உறைந்துவிடும் ஊர்களில் இவ்விலக்கு பெரிய வசதி. பெங்களூரில் நீர் உறைவதும் இல்லை, இரண்டாவது மாடிப்படியும் பல கட்டடங்களில் இல்லை. ஆகவே அவ்விலக்கை இங்கே அப்படியே எடுத்துக்கொள்வது சரியாகாது என்பது என் கருத்து. எரியும் லித்தியம் பேட்டரியின் உட்புறத்தைத் தெளிப்புநீர் எளிதில் அணைக்காதுதான். ஆனால் பக்கத்து வண்டிக்குத் தீ தாவுவதைத் தடுத்து, படியிறங்கி ஓட அவகாசம் தரும்.

நுழைவாயிலின் மேல் வெயில் காயும் தகரக்கூரை இருந்தால் சிவப்புக் குப்பி ஏற்றதன்று. கூரையடி 38 டிகிரியைத் தாண்டுமிடத்தில் மஞ்சளோ பச்சையோ பொருத்துவதே முறை.

தண்ணீருக்கு மொட்டைமாடித் தொட்டி போதுமா? 12 மீட்டர் உயரத்திலுள்ள தொட்டி தரைத்தளத்தில் ஏறத்தாழ 1.2 பார் (அழுத்தத்தின் அலகு) அழுத்தம் தரும். ஒரு தலைக்குக் குறைந்தது 0.5 பார் வேண்டும். கணக்கு ஒத்துவருவதுபோல் தோன்றினாலும், குளியலறைக்குப் போகும் அரை அங்குலக் குழாயிலிருந்து கிளை எடுத்தால், ஓடும் நீரின் உராய்வே அந்த அழுத்தத்தைத் தின்றுவிடும். தனிக் குழாயும், தீயணைப்புக்கென்றே தொட்டியில் ஒதுக்கிய நீரும் இன்றித் தலையை மட்டும் பொருத்துவதில் பயனில்லை.