டிஷ்வாஷர் வாங்கும் முன் கிணற்றைப் பாருங்கள்

டிஷ்வாஷர் திருத்தப் போகும் வீடுகளில் நான் அதிகம் கேட்பது ஒரே முறைப்பாடுதான்: "கிளாஸெல்லாம் வெள்ளை பூத்துப் போகுது, மெஷின் சரியில்லைப் போல." திறந்து பார்த்தால் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் சூடாகிறது, பீச்சும் கைகள் ஒழுங்காகச் சுற்றுகின்றன. வீட்டுக்கு எப்படிப்பட்ட தண்ணீர் வருகிறது என்பதை மட்டும் யாரும் மெஷினில் பதிந்து வைக்கவில்லை.

திருகோணமலையில் இது கொஞ்சம் சிக்கலான விஷயம். நகரத்துக் குழாயில் வருவது சுத்திகரித்த கந்தளாய்க் குளத்து நீர். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று கரையோரமாக வடக்கே போனால் பல வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் கிணறும் குழாய்க் கிணறும்தான் கைகொடுக்கின்றன. குழாய்த் தண்ணீர் உள்ள சில வீடுகளிலும் பில்லைக் குறைக்கக் கிணற்று நீரை மேல்தாங்கிக்கு ஏற்றிக் கலந்து விடுவார்கள். பக்கத்து வீட்டில் பளபளவென்று கழுவும் அதே மெஷின் உங்கள் வீட்டில் சொதப்பினால், முதலில் அந்தத் தாங்கிக்கு என்ன தண்ணீர் ஏறுகிறது என்று பாருங்கள்.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது சுண்ணாம்பையும் சிப்பி ஓட்டையும் பாறையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, கல்சியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்துக்கொள்கிறது. இவை கூடினால் வன்னீர், குறைந்தால் மென்னீர். வன்னீர் சூடாகும்போது கரைந்திருந்த கல்சியத்தின் ஒரு பகுதி கல்சியம் காபனேற்றாகப் படியும். கேத்திலின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் பொருக்கு இதுதான். டிஷ்வாஷருக்குள் அது கிளாஸில் மட்டும் நிற்காது. சூடாக்கியிலும் பீச்சும் துளைகளிலும் பிடிக்கும். சவர்க்காரப் பவுடரின் பலத்தில் ஒரு பங்கும் இந்தக் கல்சியத்தோடு மல்லுக்கட்டியே வீணாகும்.

இந்த வன்மையைக் கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டு, ஒரு லீற்றரில் 60 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் மென்னீர், 180க்கு மேலே என்றால் மிகவும் வன்மையானது என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 மொத்த வன்மையை 250 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. "எங்கள் கிணற்றுத் தண்ணியைப் பரிசோதித்தாயிற்று, குடிக்கலாம் என்று சொன்னார்கள்" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் குடிக்க நல்ல தண்ணீர் மெஷினுக்கும் நல்லதாக இருக்க வேண்டுமென்று இல்லை. மெஷின் கையேடுகள் பெரும்பாலும் ஜெர்மன் பாகையில் பேசும். ஒரு பாகை ஏறக்குறைய 17.8 மில்லிகிராம். அப்படிப் பார்த்தால் 250 என்பது 14 பாகை, அதாவது வன்னீர்தான்.

இதைச் சமாளிக்கப் பல மெஷின்களுக்குள்ளேயே ஒரு மென்னீராக்கி இருக்கிறது. சின்னச் சின்ன ரெசின் மணிகள் நிறைந்த ஓர் அறை அது. உள்ளே வரும் நீரிலுள்ள கல்சியத்தையும் மக்னீசியத்தையும் இந்த மணிகள் பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடும். சீட்டெல்லாம் நிறைந்த பஸ் மாதிரி ஒரு கட்டத்தில் மணிகளில் இடம் முடிந்துவிடும். அப்போது மெஷின் உப்புக் கரைசலை உள்ளே ஓட்டி, பிடித்து வைத்த கல்சியத்தை இறக்கி வெளியே தள்ளிவிடும். உப்புப் போடச் சொல்வது இதற்காகத்தான், பாத்திரம் கழுவுவதற்கு அல்ல. எத்தனை கழுவலுக்கு ஒருமுறை இறக்க வேண்டும் என்பது நீங்கள் செற் செய்யும் வன்மை அளவைப் பொறுத்தது. அதைத் தொடாமல் விட்டால் மெஷின் தொழிற்சாலையில் வைத்த அளவிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

எந்த உப்பு என்பதில்தான் இங்கே பலரும் வழுக்கி விழுகிறார்கள். சமையல் தூள் உப்பு அயடீன் சேர்த்தது, மிகவும் நுண்ணியது, கலனுக்குள் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். அப்படியென்றால் பெரிய பரலாக இருக்கும் கல்லுப்பு சரிதானே என்று கேட்பார்கள். பார்வைக்குச் சரிதான். ஆனால் கடல் நீரைப் பாத்தியில் காய வைத்து எடுத்த உப்பில், சுத்திகரிக்காவிட்டால், கல்சியமும் மக்னீசியமும் கொஞ்சம் சேறும்கூட இருக்கும். எதை வெளியேற்ற உப்புப் போடுகிறோமோ அதையே அள்ளிப் போட்ட கதையாகிவிடும். டிஷ்வாஷர் உப்பு என்று தனியாக விற்பது சுத்தமான சோடியம் குளோரைட்டு. விலை கூடத்தான், ரெசின் அறையை மாற்றும் செலவோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

முதல் தடவை போடும்போது உப்புக் கலனில் முதலில் தண்ணீர் நிரப்பி, பிறகு உப்பைப் போட வேண்டும். சிந்திய உப்பைத் துடைத்துவிட்டு உடனே மெஷினை ஓட விடுங்கள். வழிந்த உப்புத் தண்ணீர் அடித்தட்டில் இரவு முழுக்க நின்றால் துருப்பிடிக்காத எஃகும் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். இன்னொன்று, தப்பித் தவறியும் சவர்க்காரப் பவுடரை உப்புக் கலனுக்குள் கொட்டாதீர்கள். மென்னீராக்கி அதோடு சரி.

சவர்க்காரமும் உப்பின் வேலையைச் செய்யும் பொருளும் எல்லாம் அடங்கிய வில்லைதான் பாவிக்கிறோம், உப்பு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அந்த வில்லைகள் பொதுவாக 21 பாகை வரைதான் தாங்கும். பக்கெற்றில் போட்டிருப்பார்கள், யார் வாசிக்கிறார்கள்!

வன்மையை அளக்கச் சோதனைத் தாள் போதும். இப்போது பலர் கையில் டி.டி.எஸ். பேனாவோடு வந்து, "400 காட்டுது, வன்னீரா?" என்று கேட்கிறார்கள். அந்தப் பேனா கரைந்திருக்கும் எல்லா உப்புக்கும் சேர்த்துத்தான் ஓர் எண்ணைக் காட்டும். அதில் எவ்வளவு கல்சியம், எவ்வளவு கறியுப்பு என்று அதற்குத் தெரியாது. கரையோரக் கிணறுகளில் இந்த வித்தியாசம் முக்கியம். சவர்த் தண்ணீரை மென்னீராக்கி நல்ல தண்ணீராக மாற்றாது. அது கல்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கூட்டத்தான் செய்யும், குளோரைட்டு அப்படியே கிடந்து எஃகை அரிக்கும். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீரை எந்த செற்றிங்கோடும் டிஷ்வாஷருக்குள் விடாதீர்கள். மேல்தாங்கியைத் தொடாமல் குழாய்த் தண்ணீரிலிருந்து தனியாக ஒரு லைன் இழுத்துக் கொடுங்கள். விடுதி நடத்துபவர்களுக்கு நான் முதலில் சொல்வதே இதுதான்.

கிணறு வருடம் முழுக்க ஒரே மாதிரியும் இருக்காது. மழை முடிந்து தையில் அளந்த எண்ணை வைத்துக்கொண்டு ஆவணியில் மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. கோடையில் நீர் மட்டம் இறங்கும்போது ஒருமுறை அளந்து செற்றிங்கை மாற்றுங்கள்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. மழைநீர்த் தாங்கியிலிருந்து மெஷினுக்குத் தண்ணீர் எடுப்பவர்கள் மென்னீராக்கியை ஆகக் குறைந்த அளவில் வைத்து, பவுடரையும் குறைக்க வேண்டும். மென்னீரும் அதிகப் பவுடரும் கடும் சூடும் சேர்ந்தால் கண்ணாடியே மெல்ல அரிபடும். அதுவும் வெள்ளை மூட்டமாகத்தான் தெரியும், ஆனால் திரும்பாது. எது என்று அறிய, மூட்டம் போட்ட கிளாஸைக் கொஞ்சம் வினாகிரியில் ஊற வையுங்கள். மறைந்தால் சுண்ணாம்புப் படிவு, சிட்ரிக் அமிலம் போட்டு வெறும் மெஷினை ஒருமுறை சூட்டில் ஓட்டினால் உள்ளே இருப்பதும் போகும். மறையாவிட்டால் அந்தக் கிளாஸ் அவ்வளவுதான். மிச்சக் கிளாஸ்களைக் காப்பாற்றப் பவுடரைக் குறையுங்கள்.

கடைசியாக, வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் மெஷின்கள். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த பலவற்றிலும், மேசை மேல் வைக்கும் சிறிய சிலவற்றிலும் மென்னீராக்கியே கிடையாது. கீழ்த்தட்டை வெளியே எடுத்துவிட்டு அடியைப் பாருங்கள். உப்புப் போடத் திருகு மூடி இருந்தால் மென்னீராக்கி உண்டு. இல்லையென்றால், கிணற்று நீர் வீட்டுக்கு அதை எடுக்கும் முன் தண்ணீர் வரும் லைனில் வெளியே ஒரு மென்னீராக்கி பூட்ட எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிடுங்கள்.