கனசதுரத்தைக் கரும்பலகையில் தொடங்க வேண்டாம்

6 முகங்கள், 12 விளிம்புகள், 8 முனைகள் என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கும் குழந்தையிடம் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, இதில் விளிம்பைக் காட்டு என்று கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் மூலையைத் தொடுவார்கள். சிலர் முகத்தின் நடுவில் விரலை வைப்பார்கள். தொடக்க, நடுநிலை வகுப்புகளில் கணிதம் கற்பிக்கும் எனக்கு இது ஆண்டுதோறும் கண்முன் நடப்பது. குழந்தைகளுக்குப் புரியும் திறன் இல்லாததால் இப்படி நேர்வதில்லை. பொருளைக் காட்டுவதற்கு முன்பே படத்தைக் காட்டிவிடுவதால்தான் நேர்கிறது.

கரும்பலகையில் நாம் வழக்கமாக வரையும் கனசதுரத்தில், புள்ளிக்கோடுகளை விட்டுவிட்டால், 3 முகங்களும் 9 விளிம்புகளும் 7 முனைகளும் மட்டுமே தெரியும். அந்த 3 முகங்களிலும் முன்முகம் ஒன்றுதான் சதுரமாக இருக்கும். மற்ற இரண்டும் சாய்ந்த இணைகரங்கள். எல்லா முகங்களும் சதுரம் என்று ஆசிரியர் வாயால் சொல்ல, படமோ அதை மறுக்கிறது. கண்ணை நம்புவதா ஆசிரியரை நம்புவதா என்று திணறும் குழந்தை, கடைசியில் மனப்பாடத்தில் அடைக்கலம் தேடுகிறது.

ஆகவே முதல் பாடம் கையில் தொடங்க வேண்டும். தச்சுப்பட்டறையில் கேட்டால் எல்லாப் பக்கமும் சமமாக அறுத்த சிறு கட்டைகள் கிடைக்கும். லூடோ பகடையும் உதவும் என்றாலும், அதன் முனைகள் மழுங்கியிருப்பதால் முனைகளை எண்ணக் கற்பிக்க அது ஏற்றதன்று. கட்டையோடு ஒரு தீப்பெட்டியையும் மேசைமேல் வையுங்கள். தீப்பெட்டியைப் படுக்க வைக்கும்போது ஓர் உயரம், நிறுத்தி வைக்கும்போது வேறோர் உயரம். கட்டையை எந்த முகத்தின்மேல் வைத்தாலும் உயரம் மாறுவதில்லை. கனசெவ்வகத்துக்கும் கனசதுரத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்த வரையறையும் சொல்லிவிடாது.

அடுத்து ஈர்க்குச்சியும் களிமண்ணும். ஒரே நீளத்தில் 12 குச்சிகளையும் 8 களிமண் உருண்டைகளையும் கொடுத்து, கனசதுரத்தின் எலும்புக்கூட்டைக் கட்டச் சொல்லுங்கள். கீழே 4, மேலே 4, நடுவே நிற்பவை 4 என்று விளிம்புகளின் கணக்கு கைவேலையிலேயே பிடிபட்டுவிடும். ஒவ்வோர் உருண்டையிலும் சரியாக 3 குச்சிகள் வந்து சேர்வதையும் யாரும் சொல்லாமலே கவனிப்பார்கள். இந்தச் செயல்பாட்டில் நான் மிகவும் மதிக்கும் கட்டம் இதற்குப் பிறகுதான் வருகிறது. ஈரம் காயாத அந்தக் கூட்டை விரலால் மெல்லத் தள்ளினால் அது ஒரு பக்கமாகச் சாயும். “டீச்சர், சாஞ்சிருச்சு” என்று குழந்தை பதறும்போது அவசரப்பட்டு நிமிர்த்திவிடாதீர்கள். குச்சிகளின் நீளம் மாறியதா என்று கேளுங்கள். மாறவில்லை, 12 குச்சிகளும் அதே நீளம்தான், ஆனாலும் இப்போது அது கனசதுரம் அன்று. பக்கங்கள் சமமாக இருந்தால் மட்டும் போதாது, கோணங்களும் செங்கோணமாக இருக்க வேண்டும் என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும் இடம் இது. அட்டையில் செய்த ஆயத்த மாதிரிகளில் இந்த வாய்ப்பு கிடைக்காது.

அட்டைப்பெட்டிக்கு வேறு பயன் உண்டு. மூடிய கனசதுரப் பெட்டியின் 7 விளிம்புகளைச் சரியாகத் தேர்ந்து வெட்டினால், மீதி 5 விளிம்புகளில் ஒட்டியபடியே 6 சதுரங்களும் ஒரே துண்டாகத் தரையில் விரியும். சிலுவை போன்ற ஒரே விரிப்பைப் பார்த்துப் பழகிய குழந்தைகள் அது ஒன்றுதான் என்று நம்பிவிடுகிறார்கள். உண்மையில் 11 வகை விரிப்புகள் உண்டு. கட்டம் போட்ட நோட்டுத்தாளில் வரைந்து, வெட்டி, மடித்துப் பார்த்து அவர்களே தேடட்டும். மடியாதவற்றையும் தூக்கி எறிய வேண்டாம். ஈரடுக்காக 3 சதுரங்கள் வீதம் அடுக்கிய வடிவம் ஏன் மூடவில்லை என்ற கேள்வி ஒரு பாடவேளை முழுவதற்கும் போதும்.

மரியா மாண்டிசோரி 1939இல் இந்தியாவுக்கு வந்து சென்னை அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய முறையில் சிறு குழந்தைகளுக்குத் தரப்படும் இளஞ்சிவப்புக் கோபுரம், 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பக்கம் கொண்ட 10 கனசதுரக் கட்டைகளால் ஆனது. பக்கம் 10 மடங்காகும்போது கன அளவு 1,000 மடங்காகிறது என்பதை மூன்று வயதுக் குழந்தை சொற்களில் அறியாது. ஆனால் பெரிய கட்டையை இரு கைகளாலும் தூக்கும்போது அதன் கனத்தை உணர்கிறது. பக்கத்தை இரட்டித்தால் கன அளவும் இரட்டிக்கும் என்று எட்டாம் வகுப்பு மாணவர்கூடச் சொல்வதைக் கேட்கும்போது, அந்த உணர்வு நம் வகுப்புகளில் விடுபட்டுப்போனது எவ்வளவு பெரிய இழப்பு என்று தோன்றுகிறது. சிறு கட்டைகளால் இருமடங்கு பக்கமுள்ள கனசதுரத்தை ஒருமுறை கட்டிப் பார்த்தவர் 8 கட்டைகள் தேவைப்பட்டதை மறக்கமாட்டார்.

சற்றுப் பெரிய பிள்ளைகளுக்குத் துணி துவைக்கும் சோப்பு போதும். அதைக் கனசதுரமாக அறுத்து, வெளிப்புறம் முழுவதும் வண்ணம் பூசி, ஒவ்வொரு திசையிலும் மூன்றாகப் பிரியும்படி பெரியவர் ஒருவர் வெட்டினால் 27 சிறு துண்டுகள் கிடைக்கும். 3 முகங்களில் வண்ணம் உள்ளவை 8, இரண்டில் உள்ளவை 12, ஒன்றில் மட்டும் உள்ளவை 6, வண்ணமே படாதது நடுவிலிருந்த 1. முனை, விளிம்பு, முகம் என மனப்பாடம் செய்த அதே எண்கள் ஏன் இங்கும் வருகின்றன என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். துண்டுகளை மறுபடி அடுக்கிப் பார்க்க நேரம் கொடுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு படம் வரையலாம். கட்டையை மேசையில் வைத்து, அவரவர் இடத்திலிருந்து தெரிவதை மட்டும் வரையச் சொல்லுங்கள். நேர் எதிரே கண்மட்டத்தில் பார்ப்பவருக்கு ஒரு சதுரம்தான் தெரியும். எங்கிருந்து பார்த்தாலும் ஒரே பார்வையில் மூன்றுக்கு மேல் முகங்கள் தெரியாது. மறைந்திருக்கும் 3 விளிம்புகளைப் புள்ளிக்கோடாக வரைவது எதற்கு என்று அப்போது கேட்டால், அவை ஒவ்வொன்றும் கட்டையில் எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டே காட்டுவார்கள்.