வாரம் 9 மணி நேரம், திடீரென்று 30: பாலே கோடைப் பயிற்சிக்குப் போகும் கால்கள்

பாலே கோடைப் பயிற்சிக்கு ஜனவரி, பிப்ரவரியில் ஆடிஷன், அதாவது ஆடிக்காட்டும் தேர்வு. இடம் கிடைத்ததாக மின்னஞ்சல் வந்ததும் முன்பணம் கட்டி, விடுதி அறையையும் உறுதி செய்துவிடுகிறார்கள். இவ்வளவும் மார்ச், ஏப்ரலுக்குள் முடிந்துவிடும். பிள்ளையின் கால் இதற்குத் தயாரா என்ற கேள்வி மட்டும் ஜூலை நடுவில், வலி வந்த பிறகுதான் எழுகிறது. நடனக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட்டுகளான எங்களுக்கு அது பழகிப்போன பருவம்.

அமெரிக்காவின் பெரிய பாலே பள்ளிகள் கோடை விடுமுறையில் நடத்தும் தீவிரப் பயிற்சி பெரும்பாலும் 3 முதல் 6 வாரம். நியூயார்க்கில் ஜார்ஜ் பாலன்சீனும் லிங்கன் கர்ஸ்டீனும் 1934-இல் தொடங்கிய ஸ்கூல் ஆஃப் அமெரிக்கன் பாலேயில் 5 வாரம். காலையில் ஒன்றரை மணி நேர டெக்னிக் வகுப்பு, அதன் சூட்டோடு பாயின்ட் (கெட்டியான ஷூவில் விரல் நுனியில் ஏறி ஆடுவது), சாப்பாட்டுக்குப் பிறகு வேரியேஷன் என்ற தனி ஆட்டம், ஜோடி நடனம், கேரக்டர் என்ற நாட்டுப்புறச் சாயல் நடனம், மாடர்ன், பிலாட்டீஸ் என்று பள்ளிக்குப் பள்ளி அட்டவணை மாறும். வாரத்தில் 5 அல்லது 6 நாள், ஒரு நாளைக்கு 5, 6 மணி நேரம் என்பதில் பெரிய மாற்றம் இருக்காது.

இப்போது பிள்ளையின் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். உள்ளூர் ஸ்டுடியோவில் வாரம் 4 நாள், மொத்தம் 9 மணி நேரம். மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ ஆண்டு நிகழ்ச்சி. அது முடிந்ததும் ஸ்டுடியோ மூடிவிடும். பிள்ளைக்கு இரண்டு மூன்று வாரம் ஓய்வு, உறவினர் வீடு, கடற்கரை. ஜூன் கடைசித் திங்கட்கிழமை காலையில் அதே கால்கள் வாரம் 30 மணி நேர வேலைக்குள் நுழைகின்றன. 9-லிருந்து 30 என்பதே அதிகம். நடுவில் ஓய்வு விழுந்ததால் உண்மையில் அது பூஜ்யத்திலிருந்து 30.

தசைக்கு முதல் வாரத்தில் வலிக்கும், பிறகு பழகிவிடும். எலும்பு அப்படியில்லை. சுமை கூடினால் எலும்பு தன்னைப் புதுப்பிக்கத் தொடங்கும். பழைய பகுதியை அரித்தெடுக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும், அந்த இடத்தைப் புதிதாகக் கட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். ஆகவே பயிற்சி தொடங்கி மூன்று நான்கு வாரத்தில், பிள்ளை நன்றாகப் பழகிவிட்டதாகத் தெரியும் நேரத்தில், எலும்பு ஆரம்பத்தைவிடப் பலவீனமாக இருக்கிறது. இறுதி நிகழ்ச்சிக்கான ஒத்திகைகள் கூடுவதும் அப்போதுதான். பாதத்தின் நீண்ட எலும்புகளில், அதிலும் இரண்டாவது எலும்பின் அடிப்பகுதியில், மயிரிழை விரிசல் விழுவது இப்படித்தான். வழுக்கி விழுந்ததால் வருவதல்ல அது.

தயாரிப்பை ஏப்ரல் கடைசியிலேயே தொடங்க வேண்டும். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரமாகக் கூட்டிக்கொண்டே போனால் 6 வாரத்தில் 9 மணி நேரம் 18 ஆகிவிடும். 30-ஐ எட்டத் தேவையில்லை, பாதிக்கு மேல் வந்தால் போதும். நிகழ்ச்சி முடிந்தபின் முழு ஓய்வு ஒரு வாரம் போதும். பிறகு பயணப்படும் வரை வாரம் நான்கைந்து வகுப்பு. உள்ளூர் ஸ்டுடியோ மூடியிருந்தால் வேறு இடத்தில் தனி வகுப்புகளுக்குப் பணம் கட்டிப் போகலாம்.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பரதமும் பாலேயும் சேர்த்துக் கற்கும் பிள்ளைகள் பலர். அங்கே அரங்கேற்றங்கள் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் வைக்கப்படுகின்றன. ஆகஸ்ட்டில் அரங்கேற்றம், ஜூலையில் பாலே பயிற்சி என்று இரண்டையும் ஒரே ஆண்டில் போடாதீர்கள். வெறுங்காலால் தட்டும் அடவும் பாயின்ட் ஷூவில் இறங்கும் தாவலும் விழுவது ஒரே கணைக்கால் எலும்பின் மீது. அதற்கு எந்த குரு சொல்லிக்கொடுத்தது என்றெல்லாம் தெரியாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. சுவரில் விரல் நுனியை மட்டும் வைத்து, முழங்காலை மடக்காமல், ஒற்றைக் காலில் குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். ஏற ஒரு நொடி, இறங்க ஒரு நொடி. பாயின்ட் ஆடும் பிள்ளை 25 தடவை செய்ய வேண்டும். எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனையாவது தடவையில் குதிகாலின் உயரம் குறைகிறது, பாதம் எப்போது சுண்டுவிரல் பக்கம் சாய்கிறது என்று பின்னால் உட்கார்ந்து கவனியுங்கள். 14-இல் சாய்ந்தால் அந்தக் காலின் கணக்கு 14-தான். இதையே பயிற்சியாகவும் ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்யலாம்; முழங்காலை லேசாக மடக்கி ஒரு சுற்றும் சேர்த்துக்கொண்டால் கெண்டைக்காலின் ஆழத் தசைக்கும் வேலை கிடைக்கும். கூடவே வாரம் இரண்டு முறை 20 நிமிட நீச்சலோ சைக்கிளோ வேண்டும். பாலே வகுப்பு மூச்சுத் திறனைப் பெரிதாகக் கூட்டுவதில்லை, பிற்பகல் 4 மணிக்குக் களைத்த கால்தான் தாவி இறங்கும்போது கோணலாக விழும்.

வளர்ச்சியையும் கவனியுங்கள். பெண்பிள்ளைகள் வேகமாக வளரும் ஆண்டில் சுமார் 8 செ.மீ. உயர்வார்கள், அதாவது 3 மாதத்துக்கு 2 செ.மீ. கதவோரம் நிறுத்தி மாதம் ஒரு முறை பென்சிலால் குறித்துவந்தால் தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் எலும்பு முந்திக்கொள்ளும், தசை பின்தங்கும். நேற்று வரை எளிதாகச் சுற்றிய பிள்ளை இன்று தடுமாறும். அது சோம்பல் இல்லை. அந்தக் கோடையில் 5 வாரத்துக்குப் பதில் 2 வாரப் பயிற்சிக்கு அனுப்புவது புத்திசாலித்தனம்.

பாயின்ட் ஷூ விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

விரல்களைச் சுற்றியிருக்கும் பாக்ஸ் என்ற கெட்டியான பகுதி துணியும் காகிதமும் பசையும் அடுக்கி இறுகச் செய்தது. மரக்கட்டையோ சிமெண்டோ உள்ளே இல்லை. உள்ளங்காலின் கீழே ஓடும் விறைப்பான தகடு ஷாங்க். வியர்வையில் பசை இளகும், ஷாங்க் வளைந்து வளைந்து தளரும். மாணவியின் ஒரு ஜோடி ஏறக்குறைய 10 முதல் 20 மணி நேரம் ஆடத் தாங்கும். தினம் ஒன்றரை மணி நேரம் பாயின்ட் என்றால் 5 வாரத்துக்கு 37 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதனால் குறைந்தது 4 ஜோடி எடுத்துப் போக வேண்டும். ஒரு ஜோடி 100 டாலரைத் தாண்டும் என்பதால் இரண்டோடு அனுப்பிவிடத் தோன்றும். அந்தச் சிக்கனம் எலும்பு மருத்துவரிடம் போய் முடியும். ஒன்றை ஆடினால் மறுநாள் அதற்கு ஓய்வு, மற்றதைப் போடலாம். ஆடிய ஜோடியைப் பையில் சுருட்டி வைக்காமல், உள்ளே இருக்கும் விரல் பஞ்சை வெளியே எடுத்துவிட்டுக் காற்றாட வைத்தால் பசை மறுபடி இறுகும். ஹேர் டிரையர் வேண்டாம்.

செத்துப்போன ஷூவை எப்படித் தெரிந்துகொள்வது? முனையில் ஏறி நின்றால் கணுக்கால் முன்னால் தள்ளிப்போகும், பாதம் நுனித்தட்டைத் தாண்டிச் சரியும். அல்லது பெருவிரல் நேராகத் தரையில் இடிப்பதுபோல் வலிக்கும், பாக்ஸைக் கையால் அழுத்தினால் வெற்றுச் சப்பாத்துபோல் நசுங்கும். அந்த ஜோடியை அன்றைக்கே விட்டுவிட வேண்டும். அன்று மாலை நிகழ்ச்சி இருந்தாலும் சரிதான்.

நாலு ஜோடிக்கும் ரிப்பன் தைத்து அனுப்புங்கள். விடுதியில் இரவு 11 மணிக்கு உட்கார்ந்து தைக்கும் பிள்ளைக்குத் தூக்கம் போகும். ஒரு ஜோடிக்கு இரண்டேகால் மீட்டர் ரிப்பன், அதை நாலாக வெட்ட வேண்டும். ஷூவின் குதிப்பகுதியை உள்ளங்கால் பக்கமாக முன்னோக்கி மடித்தால் இரு ஓரத்திலும் ஒரு மடிப்பு விழும். ரிப்பன் அந்த மடிப்பை ஒட்டி நிற்க வேண்டும். ஊசி உட்துணியை மட்டும் பிடிக்கட்டும், வெளி சாட்டினுக்கு வரக் கூடாது. விளிம்புக்குள் ஓடும் சுருக்குக் கயிற்றைக் குத்திவிட்டால் பிறகு அதை இழுக்கவே முடியாது. கட்டும்போது முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றிக் கட்ட வேண்டும். விரலை நீட்டி வைத்துக் கட்டினால், ப்ளியேயில் (முழங்காலை மடக்கி) இறங்கும்போது ரிப்பன் குதிகால் தசைநாணை அறுக்கும். முடிச்சு அந்த நாணின் மேல் வரவே கூடாது. உள்பக்கம் கணுக்கால் முழிக்கும் நாணுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் செருகுங்கள். கோடையில் குதிகால் வலி என்று வரும் பிள்ளையின் காலில் முதலில் பார்க்க வேண்டியது ரிப்பனின் தழும்பைத்தான்.

பாயின்ட் இதுவரை தொடங்காத பிள்ளைக்குக் கோடைப் பயிற்சியில் தொடங்கிவைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். சர்வதேச நடன மருத்துவ, அறிவியல் சங்கத்தின் வழிகாட்டல் 12 வயதுக்கு முன் வேண்டாம் என்கிறது. வயது வந்தாலும், வாரம் இரண்டு வகுப்பு போகும் பிள்ளைக்கு நான்காம் ஆண்டில்தான்.

முதல் நாள் நடப்பது நிலை பிரிக்கும் வகுப்பு. கண்ணாடி முன்னால் அறிமுகமில்லாத நாற்பது பிள்ளைகள். எல்லோருக்கும் பாதம் 180 பாகை திரும்பியிருக்கிறதே என்று நினைத்து, ப்ளியேயில் முழங்காலை மடக்கியபடியே பாதங்களைத் தேவைக்கு மேல் விரித்து ஊன்றிவிட்டு, பிறகு முழங்காலை நிமிர்த்துவார்கள். வழுக்காமலிருக்கத் தேய்க்கும் ரோஸின் பொடி ஒட்டிய பாதம் தரையைப் பிடித்துக்கொள்ளும், இடுப்பு அவ்வளவு திரும்பாது, நடுவில் முழங்கால் முறுக்கப்படும். பாத வளைவு உள்பக்கம் சரியும், கீழ்முதுகு வளையும். காலை இப்படி வெளிப்பக்கம் திருப்பும் டர்ன்அவுட் இடுப்பிலிருந்து வர வேண்டியது, தரையின் பிடியிலிருந்து அல்ல. அரைமண்டியில் முழங்கால் முன்னால் விழுந்து பாதம் மட்டும் பக்கவாட்டில் நிற்பதும் இதே பிழைதான். முழங்கால் சில்லு இரண்டாவது விரலுக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்தால் போதும். நிலை பிரிப்பதில் ஒரு படி கீழே போட்டாலும் நஷ்டமில்லை. கீழ்நிலையில் சுத்தமாகச் செய்வதைத்தான் அடுத்த ஆண்டு ஆடிஷனில் பார்ப்பார்கள்.

வகுப்புக்கு முன் தரையில் தவளைபோல் படுத்துத் தோழியை முதுகில் உட்காரச் சொல்வதும், நாற்காலியில் ஒரு காலைப் போட்டு ஸ்ப்ளிட்டைத் தாண்டி இழுப்பதும், பாதத்தை வளைக்கும் மரச் சாதனமும் வேண்டாம். குளிர்ந்த உடலை நெடுநேரம் இழுத்துப் பிடித்தால் அடுத்த சில நிமிடங்களுக்குத் தசையின் விசை குறையும். வகுப்புக்கு முன் பத்து நிமிடம் நடந்து, குதித்து உடலைச் சூடாக்கினால் போதும், நீட்சிகள் வகுப்பு முடிந்த பிறகு.

கொப்புளத்தின் மேல்தோலை உரிக்காதீர்கள். நகத்தைப் பயணத்துக்கு நாலைந்து நாள் முன்பே நேராக வெட்டுங்கள். நகரத்து நடைபாதைகளில் ரப்பர் செருப்போடு சுற்ற வேண்டாம்.

எந்த வலிக்கு நிறுத்துவது என்பதைப் பிள்ளைக்குக் கிளம்பும் முன்பே சொல்லிக்கொடுக்க வேண்டும். ஏனென்றால் அங்கே போனபின் நிறுத்தச் சொன்னால் கேட்க மாட்டார்கள். கெண்டைக்கால் முழுவதும் கனமாக, பரவலாக வலித்து, சூடானதும் குறைந்தால் ஆடலாம். ஒற்றை விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய எலும்பு வலி, அந்தக் காலில் குதித்தால் குத்துவது, இரவில் படுத்தபின்னும் இருப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே நிறுத்த வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் தெரியாமல் போகலாம். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று மறுநாளே வகுப்புக்கு அனுப்புவதுதான் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு. சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ கேளுங்கள். ரெலவேயில் (குதிகாலைத் தூக்கி) ஏறும்போது கணுக்காலுக்குப் பின்னால் கிள்ளுவதுபோல் வலித்தாலோ பெருவிரலை மடக்கும்போது உள்முழிக்குப் பின்னால் சொடக்கு விழுந்தாலோ, அது விரல்களால் தரையைப் பற்றிக்கொண்டு ஆடுவதன் விளைவாக இருக்கக்கூடும். ஐஸ் அதைத் தீர்க்காது, டெக்னிக்கைத் திருத்த வேண்டும்.

கணுக்கால் பிசகினால் கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த விதியைப் பயன்படுத்தலாம். 4 அடி எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது முழியின் பின்விளிம்பில் கீழிருந்து 6 செ.மீ.க்குள் எலும்பை அழுத்தினால் வலி, அல்லது பாதத்தின் வெளியோரம் நடுவில் துருத்தும் எலும்பிலோ உள்வளைவின் மேலுள்ள எலும்பிலோ வலி என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வகுப்புக்கு முன் ஐபுப்ரோஃபன் விழுங்கி வலியை மறைத்து ஆடுவது மட்டும் கூடவே கூடாது. உட்கார்ந்து வகுப்பைப் பார்க்கலாம், குதிப்புகளை விட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துச் செய்யும் பார் பயிற்சி மட்டும் செய்யலாம். ஆசிரியரிடம் ‘இன்று குதிக்கவில்லை’ என்று வகுப்புக்கு முன்பே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி வீட்டில் பேசத் தயங்குகிறோம், கண்ணாடியோ நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறது. காலையில் காபி, மதியம் சாலட் என்று 6 மணி நேரம் ஆடும் பிள்ளைக்கு முதலில் குறைவது எடையல்ல, எலும்பைக் கட்டும் ஹார்மோன். மாதவிடாய் 3 மாதம் நின்றாலோ 15 வயதாகியும் தொடங்கவில்லை என்றாலோ ‘ஆடுகிற பிள்ளைக்கு அப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் பயிற்சிக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். ஆடும் அளவுக்குச் சாப்பிடாததால் வரும் இந்த ஆற்றல் பற்றாக்குறைக்குச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் தனிப் பெயரே வைத்தது. 9 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 1300 மி.கி. கால்சியம் வேண்டும், ஒரு கப் பாலில் கிடைப்பது சுமார் 300. சைவப் பிள்ளைகளுக்கு இரும்புச் சத்தையும் பி12-ஐயும் மே மாதத்திலேயே இரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்புகளுக்கு நடுவே 15 நிமிடம்தான் கிடைக்கும். வாழைப்பழம், உலர்திராட்சை, சீஸ் வைத்த ரொட்டி என்று ஒரு கையால் சாப்பிடக்கூடியது பையில் இருக்கட்டும். கடலை உருண்டை நல்லதுதான், ஆனால் விடுதியில் கடலை அலர்ஜி விதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இரவு 8 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம்.

18 வயதுக்குக் கீழ் என்பதால், பெற்றோர் இல்லாத இடத்தில் சிகிச்சைக்கு ஒப்புதல் தரும் படிவமும் காப்பீட்டு அட்டையின் இரு பக்க நகலும் பிள்ளையின் பையிலேயே இருக்க வேண்டும். பழைய காயம் இருந்தால் அதை மருத்துவப் படிவத்தில் மறைக்காதீர்கள். ‘இடம் போய்விடுமோ’ என்று பயந்து மறைத்த கணுக்காலுக்கு அங்கே யாரும் வகுப்பைக் குறைத்துக் கொடுக்க முடியாது.

ஆகஸ்ட்டில் திரும்பி வந்ததும் ஒரு வாரம் முழு ஓய்வு, அடுத்த வாரம் நீச்சலும் தரைப் பயிற்சியும். செப்டம்பர் வகுப்புக்கு முன் பாயின்ட் ஷூவைக் கடையில் மறுபடி பொருத்திப் பாருங்கள். வளரும் வயதில் அந்த ஐந்து வாரத்துக்குள்ளேயே பாதத்தின் அளவு மாறியிருக்கலாம். மிச்சமிருக்கும் நாலாவது ஜோடி புதிதாகவே இருந்தாலும் அது இப்போது அவள் காலுக்கானது இல்லாமல் போயிருக்கலாம்.